அக்கா திறந்த அஞ்சல்

1.
இது நான் யோசித்துக் கட்டிய கதை அல்ல. இன்று சாயங்காலம் அக்கா வேலையிலிருந்து வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல், "ஒண்ணு சொல்றேன், எழுதித் தொலைக்காதே" என்றாள். எழுதிக்கொண்டிருக்கிறேன்.

2.
இருட்டறையில் முகமூடி போட்ட ஒருவன் கணினி முன்னால்...

(இந்த வரியை அடித்துவிட்டேன். கணினிக் கோப்புகளைப் பூட்டிப் பணம் பறிக்கும் கும்பல்கள் அலுவலகம் மாதிரி நடக்கின்றன. தூண்டில் அஞ்சல் எழுத ஒருவர், கோப்புகளைப் பூட்டும் மென்பொருளை வாடகைக்கு விட ஒருவர், பேரம் பேசத் தனி ஆள். பூட்டுவதற்கு முன்பே நகல் எடுத்துக்கொண்டு, பணம் தராவிட்டால் ஊருக்கே காட்டுவோம் என்றும் மிரட்டுவார்கள்.)

3.
பேச்சு வராத குழந்தைகளுக்கான பயிற்சி நிலையத்தில் அக்காவுக்கு வரவேற்பு மேசையில் வேலை. அங்கே ஒரு வழக்கம்: பெற்றோர் அனுப்பும் குரல்பதிவை உடனே திறந்து கேட்டுவிட வேண்டும். "பாப்பா இன்னிக்குப் பேசிட்டா, கேளுங்க" என்று வந்த மின்னஞ்சலை ஆசை ஆசையாகத் திறந்தாள். குரல் வரவில்லை. கணினியில் இருந்த கோப்புகள் பூட்டிக்கொண்டு, அவற்றின் பெயர்கள் ஒவ்வொன்றாக மாறத் தொடங்கின.

அக்கா சிறிதும் கலங்காமல்...

"பொய் எழுதாதடா," என்றாள் அக்கா, என் தோளுக்குப் பின்னாலிருந்து. "கை கால் ஓடல. திரையை அணைச்சிட்டு அப்படியே உக்காந்துட்டேன்."

"ஏன்?"

"வேலை போயிடுமேன்னு."

(திரையை அணைத்தால் கணினி நிற்காது. அவள் வாய் மூடியிருக்கும்வரை பூட்டு அடுத்தடுத்த கணினிக்குப் போய்க்கொண்டே இருக்கும். கும்பலுக்கு இந்தப் பயம்தான் வேண்டும்.)

4.
அப்போது உள்ளறையில் ஒரு குழந்தை சிரித்தது. எல்லோரும் வாலு என்று கூப்பிடும் பெண். வெகுநாள் பேசாமலிருந்து முதன்முதலாக "வேண்டாம்" என்றவள். அதைக் கேட்டு அவள் அம்மா அழுதேவிட்டாளாம். அந்தக் குரலும் கணினியில்தான் இருந்தது.

அக்கா எழுந்து நிலையத்தின் பொறுப்பாளரிடம் ஓடினாள். "மேடம், எல்லா நெட் ஒயரையும் பிடுங்குங்க! நான்தான் திறந்தேன்!"

நிறையக் குரல்கள் தப்பின. வாலுவுடையது தப்பவில்லை. நகல் வட்டு ஒன்று இருந்தது. அதை யாரும் கழற்றித் தனியே வைக்காததால் அதுவும் பூட்டிக்கொண்டது.

மேடம் சொன்னது இவ்வளவுதான்: "காலைல வாம்மா, பேசுவோம்."

5.
முடிவு ஒன்று: நிலையத்தில் பணம் கொடுக்கிறார்கள், பூட்டைத் திறக்கும் சாவி வருகிறது. (வரும் என்று யார் சொன்னது?)

முடிவு இரண்டு: வாலுவின் அம்மாவுடைய கைபேசியில் இன்னொரு பதிவு... (எனக்கும் ஆசைதான்.)

அக்கா நாளைக்குப் போட வேண்டிய உடையை இஸ்திரி போட்டுக்கொண்டிருக்கிறாள். போட்டதையே மறுபடியும் போடுகிறாள். எனக்கு அவளைப் பார்க்கப் பாவமாக இருக்கிறது.

இதை வாசிக்கிற நீங்கள்தான் காலையில் மேடம். மற்ற ஊழியர்கள் வாசலருகே நிற்பார்கள். அடுத்த முறை தப்பு நடந்தால் ஓடி வந்து சொல்வதா, திரையை அணைப்பதா என்று உங்கள் முகத்தைப் பார்த்துத்தான் முடிவு செய்வார்கள். என் அக்கா உள்ளே வருகிறாள். ஏதாவது சொல்லுங்கள்.