தோல்முட்டை

கோழிக்கு அடிவயிற்றில் இறகே இல்லை என்பது கையை வைத்த பிறகுதான் தராசுக்குத் தெரிந்தது. காய்ச்சல்காரனின் அக்குளுக்குள் கையை விட்ட மாதிரி வெதுவெதுவென்று, பிசுபிசுவென்று இருந்தது. அந்தச் சிவந்த தோலுக்கு அடியில் ஏதோ தடதடவென்று அடித்துக்கொண்டது. "ச்சீ!" என்று தலையை எவ்வளவு தூரம் பின்னால் இழுக்க முடியுமோ அவ்வளவு இழுத்துக்கொண்டு அதைத் தூக்கினார். அது அவர் முழங்கையில் வெள்ளையும் பச்சையுமாக ஒரு கோடு இழுத்துவிட்டு, ஒன்றும் நடக்காதது போல ஒற்றைக் கண்ணால் பார்த்தது.

தராசு என்பது கடைத்தெரு அவருக்கு வைத்த பெயர். ஹார்டுவேர் கடை. ஆணி நிறுக்கும்போது தட்டில் ஓர் ஆணி கூடுதலாக விழுந்தால், அதை எடுத்து டப்பாவில் போட்ட பிறகுதான் மூச்சு விடுவார். அப்படிப்பட்டவரை வாழ்நாளில் தொட்டிராத பிராணியோடு மல்லுக்கட்ட வைத்தது அவருடைய மகள். புருஷன் வீட்டிலிருந்து ஒரே ஒரு பையோடு வந்து மாடியறையில் சுருண்டு கிடந்தவள், ஒரு நாள் இறங்கி வந்து, ஒரு முட்டைப் பண்ணையை மூடப் போகிறார்கள், வயசான கோழிகளைக் கழித்துக்கட்டுகிறார்கள், நாம் எடுக்காவிட்டால் அறுப்புக்குத்தான் போகும் என்றாள். வந்ததிலிருந்து அவள் வாயைத் திறந்து கேட்ட முதல் பொருள். தராசு சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

பண்ணையில் தன் வித்தையைக் காட்டவும் செய்தார். "மூக்கை வெட்டியிருக்கீங்க. கழுத்துல ஒரு மயிரைக் காணோம். முட்டையும் நின்னுபோற வயசு. இதை வேற எவன் எடுப்பான்?" என்று குறைகளாக அடுக்கி அடுக்கி விலையைப் பாதிக்கு இறக்கினார். பண்ணைக்காரன் ஒரு முனகல்கூட இல்லாமல் சரி என்றான். அங்கேதான் அவருக்கு லேசாகச் சந்தேகம் தட்டியது. சட்டென்று சம்மதிக்கிறவன் ஒன்று முட்டாளாக இருக்க வேண்டும், இல்லையென்றால் சரக்கைத் தலைமுழுகக் காத்திருந்தவனாக இருக்க வேண்டும். அவர் இதுவரை முட்டாள் பண்ணைக்காரன் எவனையும் சந்தித்ததில்லை.

கூட்டைக் கொல்லையில் அவரே அடித்தார். கோழிகள் ஏறி உட்காரக் குறுக்கே ஒரு கட்டை வேண்டும். கடையில் வருஷக்கணக்காக விலைபோகாமல் நின்ற பிளாஸ்டிக் குழாய் ஒன்று கண்ணில் பட்டது. பளபளவென்று இருந்தது, செலவும் மிச்சம். ஆனால் அந்தக் கோழிகள் கம்பிவலையைத் தவிர வேறெதன் மேலும் நின்று பழகாதவை. ஏற்றிவைத்தால் வழுக்கி, லாரியிலிருந்து இறக்கும் மூட்டைகள் மாதிரி தொப்தொப்பென்று விழுந்தன.

"அப்பா, அதுங்க காலுக்குப் பிடிமானம் வேணும். தேங்கின சரக்கைத் தள்ளிவிட இதுங்கதானா கிடைச்சுது உங்களுக்கு?" என்று மகள் விழுந்து விழுந்து சிரித்தாள். அந்தச் சத்தம் கேட்டு எத்தனை நாளாயிற்று! மறுநாளே சொரசொரப்பான மரக்கட்டை வந்து சேர்ந்தது.

பிறகு அவளுக்கு ஒரு மருந்துக்கடையில் வேலை கிடைத்தது. சாயங்காலக் கோழிவேலை தராசின் தலையில் விடிந்தது. கோழிகளுக்குக் கட்டையில் ஏறவே தெரியவில்லை. பொழுது சாய்ந்ததும் மூலையில் ஒன்றன்மேல் ஒன்றாக அப்பிக்கொள்ளும். அடியில் அகப்பட்டது மூச்சுமுட்டிச் செத்துப்போகும். தானாக ஏறப் பழகும்வரை ஒவ்வொன்றாகத் தூக்கிக் கட்டையில் வைக்க வேண்டும். "ஒன்னுகூடச் சாகக் கூடாதுப்பா" என்று சொல்லிவிட்டுப் போயிருந்தாள். அவர் மூக்கில் துண்டைக் கட்டிக்கொண்டு குனிந்து உள்ளே நுழைவார். எச்ச நெடி கண்ணைக் கரிக்கும். கோழிகளின் பின்புறத்தில் எச்சம் காய்ந்து கல்லாக ஒட்டியிருப்பதை வெந்நீர் விட்டு ஊறவைத்து உரிக்க வேண்டும். கையில் பொடிப் பேன்கள் சாரை சாரையாக ஏறும். மறுநாள் கடையில் சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்தால் விரலிடுக்கில் அந்த வாடை இருக்கும். மூடிவைத்துவிடுவார்.

"மாமா, இங்கயா இருக்கீங்க?"

கொல்லைக் கதவில் மாப்பிள்ளை நின்றிருந்தான். மூக்கில் கைக்குட்டை, காலில் பாலிஷ் போட்ட ஷூ. அவனை வரச்சொல்லி ஆள் அனுப்பியதே தராசுதான், அதுவும் மகள் வேலையில் இருக்கும் நேரமாகப் பார்த்து. கோபம் வந்தால் இவன் அவளை உள்ளே விட்டு வெளிக்கதவைப் பூட்டிக்கொண்டு ஆபீசுக்குப் போய்விடுவான். அதை அவள் ஒரே ஒரு தடவை, பாத்திரம் தேய்த்துக்கொண்டே, அவர் முகத்தைப் பார்க்காமல் சொல்லியிருந்தாள். இருந்தாலும் மனிதர்களுக்குள் பேசித் தீர்க்க முடியாதது என்ன இருக்கிறது? பேச்சுத்தானே அவர் பிழைப்பு.

"உக்கார இடமில்ல மாப்ள. நின்னுக்கிட்டே சொல்லுங்க" என்றார், கையில் கோழியோடு.

"வரட்டும் மாமா, நான் வேணாங்கல. ஆனா உள்ளதைச் சொல்லிடறேன். வாய் ஜாஸ்தி. சமையல் சொல்லிக்கிற மாதிரி இல்ல. முகத்துல ஒரு சிரிப்பு கிடையாது. வயசும் ஏறுது. என்னை விட்டா வேற எவன் எடுப்பான்? வேலையை விடணும். எங்கம்மா கிட்ட மன்னிப்புக் கேக்கணும். ஆறு மாசத்துக்கு இந்த வீட்டுப் பக்கம் தலை காட்டக் கூடாது."

தராசின் வாய் தானாகத் திறந்துகொண்டது. "மன்னிப்பெல்லாம் பெரிய வார்த்தை மாப்ள. தெரியாம நடந்துபோச்சுன்னு ஒரு சொல் போதாதா? ஆறு மாசமும் அதிகம். மூணு வச்சுக்குங்க."

"சரி, மூணு."

"கதவைப் பூட்டறது..."

"அவ ஒழுங்கா இருந்தா நான் ஏன் மாமா பூட்டப் போறேன்? சரி, உங்களுக்காக. லீவு நாள்ல பூட்டல. போதுமா?"

கேட்டதில் பாதியை அடித்துவிட்டோம் என்கிற அந்தச் சின்னத் தித்திப்பு, கடையில் எத்தனையோ தடவை ருசித்தது, அவர் தொண்டைவரை வந்துவிட்டது. எதிராளி முனகவில்லை என்பது அதற்குப் பிறகுதான் உறைத்தது.

கையிலிருந்த கோழி முக்கியது. சூடாக, வழவழவென்று ஏதோ அவர் உள்ளங்கையில் நழுவியது. ஓடில்லாத முட்டை; வெறும் தோல், உள்ளே மஞ்சள் நிழல். பதறி விரலை மடக்கினார். பொத்தென்று உடைந்து மணிக்கட்டு வழியாக ஒழுகியது. அவ்வளவுதான், எங்கிருந்துதான் அந்த வேகம் வந்ததோ, தரையில் கிடந்த கோழிகளெல்லாம் பாய்ந்து வந்து அவர் கையைக் கொத்தின. அதை இட்டவளும் கழுத்தை நீட்டித் தன் முட்டையைத் தானே உறிஞ்சினாள்.

"உவ்வே... என்ன மாமா கருமம் இது!" மாப்பிள்ளை இரண்டெட்டு பின்வாங்கினான். "கையைக் கழுவிட்டு வாங்க. பேச்சு முடிஞ்ச மாதிரிதானே?"

தராசு கையை முகர்ந்து பார்த்தார். நாற்றம் அங்கிருந்து மட்டும் வரவில்லை. மிச்சக் கோழிகளையும் ஒவ்வொன்றாகத் தூக்கிக் கட்டையில் வைத்தார். கடைசிக் கோழி கட்டையைப் பற்றிக்கொண்டு நின்றபோது சந்தில் ஸ்கூட்டர் சத்தம் கேட்டது.

மகள் சீக்கிரமே வந்துவிட்டாள். கொல்லை வாசலில் வண்டியை நிறுத்திய அவள் கையில் பேனுக்கான மருந்து டப்பா இருந்தது. முதலில் ஷூவைப் பார்த்தாள், பிறகு ஆளை.

"இவர் எதுக்குப்பா இங்க?"

"சொல்லுங்க மாமா," என்றான் மாப்பிள்ளை. "நீங்களே பக்குவமா சொல்லுங்க."

தராசு வேட்டியில் கையைத் துடைத்தார். துடைக்கத் துடைக்க அது பரவியது.

"உன்னை விலை பேசிக்கிட்டிருந்தேம்மா" என்றார். "பாதிக்குக் கொண்டாந்துட்டேன்."

அவள் வண்டியை அணைக்கவில்லை. ஸ்கூட்டர் விளக்கு நேராகக் கூட்டுக்குள் அடித்தது. விடிந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டு கோழிகள் கண்ணைச் சிமிட்டின. பிறகு ஒன்று தொப்பென்று குதித்தது. அடுத்தது குதித்தது. அவர் ஏற்றிவைத்தவை எல்லாம் ஒவ்வொன்றாக இறங்கி, மொட்டைக் கழுத்தை நீட்டிக்கொண்டு, அந்த வெளிச்சத்தைப் பார்த்து நடக்க ஆரம்பித்தன.