கடிதத்தில் ஷேடிங் பிரமாதம்

பல் டாக்டர் ஒரு காதல் கடிதம் எழுதப் பதினோரு நாள் எடுத்துக்கொண்டார். அதில் வார்த்தைகளுக்கு ஆனது அரை மணி நேரம். மீதி நாளெல்லாம் எந்தப் பேனா, எந்த மை, எந்தத் தாள் என்று மண்டையை உடைத்துக்கொண்டதில் போனது.

இதைக் கேட்டுச் சிரிக்கிறவர்களுக்கு மைப்பேனாப் பைத்தியம் பிடித்ததில்லை என்று அர்த்தம். எங்களுக்கு இது சாதாரண விஷயம். நான் டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறேன். என்னிடம் கார் இரண்டு, மைப்பேனா அறுபத்தொன்று. எங்கள் கூட்டத்தில் மூத்தவர் ஓய்வுபெற்ற சர்வேயர். எந்த நிப்பைக் கண்டாலும் பையிலிருந்து பூதக்கண்ணாடியை எடுத்துவிடுவதால் அவருக்கு லென்ஸ் சார் என்றே பெயர். மூன்றாவது ஆள்தான் பல் டாக்டர். நாற்பத்தாறு வயது, கல்யாணம் ஆகவில்லை. மருந்துச் சீட்டை முத்து முத்தாக எழுதுவார். அதனாலேயே மருந்துக் கடைக்காரர், இவர் நிஜமான டாக்டர்தானா என்று இரண்டு முறை போன் செய்து விசாரித்திருக்கிறார்.

வருடத்துக்கு ஒரு முறை நடக்கும் பேனாக் கண்காட்சியில், பள்ளிக்கூடத்தில் கெமிஸ்ட்ரி எடுக்கும் ஒரு பெண்மணி, வீட்டில் தானே காய்ச்சிய மைகளைப் புட்டியில் அடைத்து மேஜை போடுவார். எல்லாருக்கும் அவர் மை டீச்சர். மூன்று வருடமாக டாக்டர் ஒவ்வொரு கண்காட்சியிலும் பன்னிரண்டு தடவையாவது அந்த மேஜைக்குப் போவார், ஒரு மையின் பெயரைச் சொல்வார், புட்டியை வாங்கிக்கொண்டு காது சிவக்கத் திரும்பி வருவார். அவருடைய காதல் வரலாறு மொத்தமும் இவ்வளவுதான். ஊரார் வாயையெல்லாம் திறந்து பார்ப்பவருக்கு டீச்சர் முன்னால் தன் வாய் திறக்காது.

இந்த வருடம் டீச்சருக்கு மாற்றல் வந்துவிட்டது. ஐந்து மணி நேரப் பயணத்தில் வேறு ஊர். இனிமேல் மேஜை போடுவதற்கில்லை என்று எங்கள் குழுவில் செய்தி அனுப்பியிருந்தார். அதாவது ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஐந்து மணிக்குக் கண்காட்சியை மூடினால் டாக்டரின் கதையையும் சேர்த்து மூட வேண்டியதுதான். அதனால்தான் கடிதம்.

அன்று காலை என் காரில் நால்வர் கிளம்பினோம். நாலாவது ஆள் என் மனைவி. அவளுக்குப் பேனாவில் துளியும் ஆர்வமில்லை. நான் அறுபத்திரண்டாவதை வாங்கிவிடாமல் பார்த்துக்கொள்ள வந்தாள். அது பயிற்சிக் கார் என்பதால் பக்கத்து இருக்கையிலும் ஒரு பிரேக் உண்டு. டாக்டர் பின்னாலிருந்து, டீச்சருக்குக் கொடுக்க ஒரு காதல் கடிதம் கொண்டுவந்திருப்பதாக மெல்லச் சொன்னதும் அவள் அந்த பிரேக்கை மிதித்துவிட்டாள். பின்னால் வந்த பஸ்காரர் எங்களைத் திட்டிய திட்டில் பாதி எனக்கு அதுவரை தெரியாது.

சிக்னலில் நின்றபோது கடிதத்தை வாங்கிப் பார்த்தோம். லென்ஸ் சார் கண்ணாடியை வைத்து, ஷேடிங் அபாரம் என்றார். ஒரே எழுத்தில் மை மேலே வெளுத்தும் கீழே தேங்கிக் கறுத்தும் தெரிவதை நாங்கள் அப்படிச் சொல்வோம். நான் நிப் பட்டையானதா என்று கேட்டேன். ஆமாம் என்று டாக்டர் பெருமையாகச் சொன்னார்.

"என்ன எழுதியிருக்காரு?" என்று என் மனைவி கேட்டாள்.

நாங்கள் மூவரும் அவளையே பார்த்தோம். அப்படி ஒரு கேள்வி இருப்பது எங்களுக்குத் தோன்றவே இல்லை. அதற்குள் பச்சை விளக்கு விழுந்தது. டாக்டர் கடிதத்தை மடித்து உறையில் போட்டுக்கொண்டார்.

கண்காட்சி ஒரு ஹோட்டலின் மாடி ஹாலில். நீளநீளமாய் மேஜைகள், வெல்வெட் தட்டுகளில் பேனாக்கள், நிப்பைக் கழுவ டம்ளர் டம்ளராய்த் தண்ணீர், அந்தத் தண்ணீரைக் குடித்துவிட்டு நீல நாக்கோடு திரியும் ஒருவர். அவர் வருடா வருடம் குடிக்கிறார். இங்கே யாரும் முகத்தைப் பார்த்து வணக்கம் வைப்பதில்லை; சட்டைப் பையில் என்ன குத்தியிருக்கிறது என்று பார்த்துத்தான் வைப்பார்கள். எந்த மேஜையில் எந்தப் பேனாவை எடுத்து எழுதிப் பார்த்தாலும் எல்லாரும் எழுதுவது, ‘இந்தப் பேனா நன்றாக எழுதுகிறது’ என்ற ஒரே வாக்கியம்தான். அறுபத்தொரு பேனாவை வைத்துக்கொண்டு நானும் இத்தனை வருடமாக அதைத்தான் எழுதிவருகிறேன்.

டாக்டர் மூன்று முறை ஹாலைச் சுற்றி வந்துவிட்டு, ஒரு வழியாக மை டீச்சர் மேஜை முன்னால் போய் நின்றார். டீச்சர் கண்ணாடியைத் தலைமுடியில் ஏற்றிவிட்டு, ஒரு கட்டைவிரல் பச்சையும் மற்றது ஊதாவுமாக உட்கார்ந்திருந்தார். டாக்டர் உறையை நீட்டிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். நான் பக்கத்து மேஜையில் பேனா பார்ப்பது போல நின்று காதைத் தீட்டிக்கொண்டேன்.

டீச்சர் பிரித்தார். வெளிச்சத்தில் சாய்த்தார். முகம் மலர்ந்தது.

"டாக்டர், இது என்னோட மழைநீலம்தானே? இப்படி ஒரு ஷேடிங் எனக்கே வந்ததில்ல. என்ன பேப்பர் இது?"

வேறு எவனாக இருந்தாலும், ‘அம்மா தாயே, பேப்பர் கிடக்கட்டும், படியுங்கள்’ என்றிருப்பான். டாக்டர் கண்ணைத் திறந்து, பேப்பரைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தார். அது மையைச் சட்டென்று குடிக்காது என்பதில் தொடங்கி, நிப்புக்குப் போய், அந்த நிப்பை எத்தனை பாகை சாய்த்துப் பிடித்தார் என்பது வரை பத்து நிமிஷம் பேசினார். மூன்று வருடத்தில் அவர் டீச்சரோடு இவ்வளவு பேசியது அன்றுதான். எனக்கு அவரைப் பிடித்து நாலு சாத்து சாத்தலாம் போலிருந்தது. ஆனால் உண்மையை மறைக்கக் கூடாது: நடுவில் நானும் புகுந்து அந்தப் பேப்பர் எங்கே கிடைக்கும் என்று கேட்டேன்.

அதோடு விட்டதா? டீச்சர் ஒரு கிளிப்பை எடுத்து, கடிதத்தை மேஜைக்குப் பின்னாலிருந்த பலகையில் எல்லாரும் பார்க்கிற உயரத்தில் மாட்டினார். கீழே ஒரு சீட்டில், ‘மழைநீலம்: எங்கள் வாடிக்கையாளர் எழுதியது’ என்று எழுதி ஒட்டினார். வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்தது.

டாக்டர் திருடனுக்குத் தேள் கொட்டிய மாதிரி நின்றார். கத்தவும் முடியவில்லை, கழற்றவும் முடியவில்லை. கூட்டம் சேர்ந்துவிட்டது. ஆளாளுக்கு போட்டோ எடுத்தார்கள். நிப் தீட்டித் தருகிற ஒருவர், மூன்றாவது வரியில் கோடு நடுங்குகிறது, நிப்பில் ஏதோ கோளாறு, கொண்டுவந்தால் இலவசமாகச் சரிசெய்து தருகிறேன் என்றார். நீல நாக்குக்காரர் மழைநீலத்தில் இரண்டு புட்டி வாங்கினார். குடிக்கவா எழுதவா என்று யாரும் கேட்கவில்லை. மதியத்துக்குள் அந்த மை பாதி தீர்ந்துவிட்டது.

டாக்டர் தூணுக்குப் பின்னால் ஒதுங்கியிருந்தார். எல்லாரும் பார்க்கிறார்களே என்றார். பார்க்கத்தான் செய்கிறார்கள், ஒருத்தரும் படிக்கவில்லை என்று தேற்றினேன்.

"அவங்களும் படிக்கலயே" என்றார் டாக்டர்.

அப்போதுதான் எனக்கு மனசு கஷ்டமாகிவிட்டது. நான் போய்ச் சொல்கிறேன் என்று கிளம்பினேன். மேஜையில் டீச்சர் ஒரு புதுப் பச்சையைத் திறந்து வைத்திருந்தார். பாசியும் இல்லை, இலையும் இல்லை, நடுவில் ஒரு நிறம். கால் மணி நேரம் கழித்து அந்தப் புட்டியோடு திரும்பி வந்தேன். போன காரியம் என்ன ஆயிற்று என்று டாக்டர் கேட்டபோதுதான் போன காரியமே ஞாபகம் வந்தது. அடுத்து லென்ஸ் சார் போனார். அவர், கடிதத்தின் கோடு ஒரு மில்லிமீட்டரா, ஒன்றேகாலா என்று யாரோடோ சண்டை பிடித்து, ஸ்கேல் வைத்து அளந்து, ஜெயித்துவிட்டு வந்தார். சர்வேயர் புத்தி.

அந்த நேரத்தில் என் மனைவி காபி குடித்துவிட்டு வந்தாள். டாக்டர் ஏன் பேயறைந்த மாதிரி இருக்கிறார் என்று கேட்டாள். சொன்னேன். என் கையிலிருந்த பச்சைப் புட்டியையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, நேராகப் பலகை முன்னால் போய் நின்றாள். அந்த ஹாலில் அன்று இடமிருந்து வலமாக நகர்ந்த கண்கள் அவளுடையவை மட்டும்தான். அவள் தோளுக்குப் பின்னால் நின்று நானும் முதல் முறையாகப் படித்தேன்.

‘டீச்சர், உங்களிடம் வாங்கிய மை என்னிடம் முப்பத்தெட்டுப் புட்டி இருக்கிறது. நூற்றுப் பன்னிரண்டு வயது வரை நான் மருந்துச் சீட்டு எழுதினாலும் தீராது. எனக்கு மை தேவைப்படவில்லை. உங்கள் மேஜைக்கு வர ஒரு காரணம் தேவைப்பட்டது. சும்மா வந்து நிற்கத் தைரியம் இல்லை. மாற்றல் என்று தெரிந்தது. பல்வலி எல்லா ஊரிலும் இருக்கிறது. அதனால் நீங்கள் போகிற ஊரிலேயே நானும் கிளினிக் போட முடியும். உங்களுக்குச் சம்மதம் என்றால் மட்டும். இல்லையென்றால் இன்னும் இரண்டு புட்டி வாங்கிக்கொண்டு போய்விடுகிறேன்.’

எனக்குக் கண் கலங்கிவிட்டது. இந்தக் கடிதத்தைக் காலையில் சிக்னலில் ஒரு நிமிஷம் முழுசாகக் கையில் வைத்திருந்தேன். நிப் பட்டையா என்று கேட்டேன். என்னை எதால் அடிப்பது?

என் மனைவி மூக்கை உறிஞ்சிக்கொண்டு தூணுக்கு வந்தாள். "ஏன் டாக்டர், நாள் முழுக்க எல்லாரையும் வாயைத் திறங்கன்னு சொல்றீங்க. நீங்க ஒரு தடவ திறக்கக் கூடாதா?"

டாக்டர் திறந்தார். சத்தம் வரவில்லை. சரி, இந்த ஆளை நம்பிப் பிரயோஜனமில்லை என்று அவளே மேஜைக்குப் போனாள். டாக்டரைத் தள்ளிக்கொண்டு நாங்களும் பின்னாலேயே போனோம்.

"டீச்சர், மையைப் பாத்தது போதும். அதுல என்ன எழுதியிருக்குன்னு கொஞ்சம் படிங்க."

டீச்சர் அவளை விசித்திரமாகப் பார்த்தார். பிறகு தலைமுடியிலிருந்து கண்ணாடியை இறக்கிப் போட்டுக்கொண்டு பலகையின் பக்கம் திரும்பினார். கடைசி வரி வரை படித்தார். பிறகு கிளிப்பை எடுத்துவிட்டு, கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு, எங்களுக்கு முதுகைக் காட்டியபடி மறுபடி முதலிலிருந்து படித்தார். ஒருவர் சிவப்பு இருக்கிறதா என்று கேட்டார். இருங்க என்று திரும்பாமலே சொன்னார். டாக்டர் என் முழங்கையைப் பிடித்திருந்தார். நாற்காலியில் சாய்ந்துகொண்டு வாயைத் திறக்கிறவர்களுக்கு உள்ளே எப்படி இருக்கும் என்று அவருக்கு அன்றைக்குத்தான் தெரிந்திருக்கும்.

டீச்சர் திரும்பினார். மையின் நிறத்தை எழுதிக் காட்டுகிற சின்ன அட்டை ஒன்றை எடுத்தார். மேஜைக்கு அடியிலிருந்து பெயர் ஒட்டாத ஒரு புட்டியைத் திறந்து, நிப்பைத் தோய்த்து, சில வரிகள் எழுதினார். ஊதிக் காயவைத்து டாக்டர் கையில் கொடுத்தார்.

டாக்டர் வாங்கினார். வெளிச்சத்தில் சாய்த்தார். முகம் மலர்ந்தது.

"இது புது மையா டீச்சர்? ஓரத்துல பச்சையா மினுங்குதே."

லென்ஸ் சார் பூதக்கண்ணாடியை எடுத்துவிட்டார். மினுக்கம் பச்சையில்லை, தாமிர நிறம் என்றார். நான் நிப் பட்டையா என்று கேட்டேன். ஆமாம், கேட்டேன். டீச்சராவது சும்மா இருந்திருக்கலாம். அவரும், இரண்டு மாசமாக இதைக் காய்ச்சிக்கொண்டிருப்பதாகவும், இன்னும் பெயர் வைக்கவில்லை என்றும் உற்சாகமாக ஆரம்பித்துவிட்டார்.

என் மனைவி தலையில் அடித்துக்கொண்டு அட்டையைப் பிடுங்கினாள். "நாலு பேரும் கொஞ்சம் சும்மா இருக்கீங்களா?" என்று அதட்டிவிட்டு உரக்கப் படித்தாள்.

‘உங்களுக்கு மை தேவையில்லை என்று எனக்கு இரண்டு வருடமாகத் தெரியும். ஒரே நிறத்தை ஆறு தடவை வாங்கினீர்கள். ஐந்து மணிக்கு என் பெட்டிகளைத் தூக்க ஒரு ஆள் வேண்டும். அதற்குப் பிறகும் வேண்டும்.’

டாக்டர் அட்டையைத் திரும்ப வாங்கினார். இந்த முறை சாய்க்கவில்லை. உதடு அசைய, ஒவ்வொரு எழுத்தாகப் படித்தார். அதைச் சட்டைப் பையில் பேனாவுக்குப் பக்கத்தில் வைத்தார். பிறகு குனிந்து, மேஜைக்கு அடியிலிருந்த இரண்டு பெட்டிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, நெஞ்சோடு அணைத்துத் தூக்கிக்கொண்டு நின்றார்.

மணி அப்போது இரண்டரைதான். இன்னும் எத்தனையோ நேரம் இருக்கிறது, கீழே வையுங்கள் என்று நான் சொன்னேன். முதுகு பிடித்துக்கொள்ளும் என்று லென்ஸ் சார் சொன்னார். அதில் விற்க வேண்டிய சரக்கு இருக்கிறது என்று டீச்சரே சொன்னார். டாக்டர் சிரித்துக்கொண்டே நின்றாரே தவிர பெட்டிகளை இறக்கவில்லை. சிவப்புக் கேட்டவர் இன்னும் காத்திருந்தார். கடைசியில் டீச்சர் எழுந்து வந்து, டாக்டர் கையிலிருந்த மேல்பெட்டியைத் திறந்து, அதிலிருந்தே ஒரு புட்டியை எடுத்துக் கொடுத்தார். ஐந்து மணி வரைக்கும் வியாபாரம் அப்படித்தான் நடந்தது.