பானு கண்டுபிடித்த ஓட்டை

பேகம்பேட்டில் இருந்த ஒரு மென்பொருள் நிறுவனத்தில் பூபாலனுக்கு நல்ல பெயர். பல அலுவலகங்களில் ஊழியர்கள் நுழையும் லாகின் மென்பொருளில் பெரும்பகுதி அவன் எழுதியது. அவன் மனைவி பானுவுக்கு வேறொரு நிறுவனத்தில், பிறர் எழுதிய மென்பொருளில் குறை தேடும் வேலை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, மாரெட்பள்ளி வீட்டில் அவன் தோசை வார்த்துக்கொண்டிருந்தபோது அவள் லேப்டாப்போடு வந்து நின்றாள்.

"என்னங்க, உங்க லாகின்ல ஓட்டை இருக்கு. டிரையல் காப்பியில பார்த்தேன். யூசர்நேமை ரொம்ப நீளமாக் கொடுத்தா, மெமரியில பக்கத்து இடத்துலயும் எழுதிடுது. அங்கதான் பாஸ்வேர்டு சரியான்னு குறிச்சு வச்சிருக்கீங்க. பாஸ்வேர்டே இல்லாம உள்ள போயிட்டேன்."

அவள் செய்து காட்டினாள். பூபாலனுக்கு முதலில் வந்தது பயம் அல்ல, வயிற்றெரிச்சல். தன் கண்ணில் படாதது இவள் கண்ணில் எப்படிப் பட்டது?

"நானே ஆபீஸ்ல சொல்லிடறேன்," என்றான்.

"ஹவ், சரி. என் பேரைப் போடச் சொல்லுங்க."

மறுநாள் மேலாளர் கிருஷ்ணபிரசாத், யார் கண்டுபிடித்தது என்று கேட்டார். "பழைய புரோகிராமைப் புரட்டினப்போ நானே பார்த்தேன் சார்," என்று வாய் தானாகச் சொல்லிவிட்டது. பாராட்டு குவிந்தது. அவனே ஓட்டையை அடைத்தான். வாடிக்கையாளர்களுக்குப் போன அறிவிப்பில் அவன் பெயர் இருந்தது.

பானு அதைப் படித்துவிட்டு, அவன் திருத்தியதைத் திரும்பச் சோதிக்க உட்கார்ந்தாள். இரண்டு நாள் கழித்து அவனிடம் வந்தாள்.

"நீங்க அடைச்சது பாதிதான். எழுத்தை எண்ணறீங்க, அது பிடிக்கிற இடத்தை எண்ணலை. தெலுங்குல பேர் அடிச்சா ஒவ்வொரு எழுத்தும் மூணு மடங்கு இடம் பிடிக்குது. திரும்பவும் வழியுது. இந்தத் தடவை உங்க கம்பெனிக்கு நேரா நானே எழுதிட்டேன்."

மறுநாள் கிருஷ்ணபிரசாத் அவனைக் கூப்பிட்டு, பானு எழுதியதைக் காட்டிக் கேட்டார்: "இவங்க உங்க வொய்ஃப்தானே?"

பூபாலனுக்குக் காது சுட்டது. "ஆமா சார். முதல் ஓட்டையும் அவங்க கண்டுபிடிச்சதுதான்."

அவர் திட்டவில்லை. திருத்தும் பொறுப்பை வேறொருவரிடம் கொடுத்தார். புதிய அறிவிப்பில் இரண்டு ஓட்டைகளுக்கும் பானுவின் பெயரே வந்தது.

"கைக்கு? ஏன் இப்படிப் பண்ணீங்க?" என்று அன்று மாலை கேட்டாள்.

"பொறுக்கலை பானு. உன் பேரைப் பார்த்தா இப்பவும் எரியுது."

"எரிஞ்சுட்டுப் போகட்டும். என் பேரை மட்டும் எடுக்காதீங்க."

பூபாலன் தலையாட்டினான்.