லில்லியைத் துடைத்த துணி

சந்தனமேரி வெளியே கிளம்பினால் முதலில் குளிப்பாள். கூட வருவது நாயாக இருந்தால் அதையும் குளிப்பாட்டிவிடுவாள். ராஜபாளையத்து வெள்ளை நாய் அழுக்காகத் தெருவில் போனால் வளர்த்தவளைத்தான் ஊர் பேசும் என்பது அவள் கட்சி. அந்தச் சுத்தம்தான் அவள் வளர்த்த நாய் லில்லியைக் கொல்லப் பார்த்தது.

எண்பத்தெட்டு ஐப்பசியில் லில்லியை ஜோடி சேர்த்தார்கள். ஐந்து வாரத்தில் வயிறு பெருத்து இறங்கியது. சந்தனமேரியின் புருஷன் ஜேசுதாசனுக்குத் தலைகால் புரியவில்லை. தளவாய்புரத்தில் ஒருவருக்கு, செட்டியார்பட்டியில் இருவருக்கு என்று பிறக்காத குட்டிகளுக்கெல்லாம் வீடு பார்த்துவிட்டான். லில்லியோ சோற்றை முகர்ந்துவிட்டுப் படுத்துக்கொண்டது. தண்ணீரை மட்டும் சட்டி சட்டியாகக் குடித்தது. வாலுக்குக் கீழே பழுப்பாக, கொழகொழவென்று ஏதோ கசிந்தது. சந்தனமேரி தான் வேலை பார்க்கும் பேண்டேஜ் துணி நெய்யும் தறியில் கழித்துப்போட்ட துணிகளைக் கொண்டுவந்து துடைத்துக்கொண்டே இருந்தாள்.

ஸ்ரீவில்லிபுத்தூர் மாட்டாஸ்பத்திரிக்குப் போன அன்றும் சோப்புப் போட்டுக் குளிப்பாட்டித்தான் கூட்டிப்போனாள். டாக்டர் வேங்கடேசன் காய்ச்சல் பார்த்துவிட்டுக் கேட்டார்.

"கீழ ஏதும் கசிவு இருக்காம்மா?"

பின்னால் ஆட்டோடும் மாட்டோடும் நாலைந்து ஆண்கள் நின்றார்கள். அவள் கூச்சத்தோடு அவர்களை ஒரு தரம் திரும்பிப் பார்த்தாள்.

"இல்ல சார்."

அவர் காய்ச்சலுக்கு ஊசி போட்டார். சாப்பிடாவிட்டால் உடனே கூட்டிவரச் சொன்னார்.

மூன்றாம் நாள் லில்லிக்குப் பின்னங்கால் ஊன்றவில்லை. பழைய சேலையில் சுற்றி ஆட்டோவில் போட்டார்கள். வழியெல்லாம் கசிவு. சந்தனமேரி துடைத்துத் துடைத்து, துணிகளை வயர் கூடையில் திணித்தாள்; போகிற வழியில் எங்காவது எறிந்துவிட எண்ணம்.

டாக்டர் நாயைத் தொடுமுன் மூக்கைச் சுருக்கினார். "கூடையில என்னம்மா?"

அவள் கூடையைப் பின்னால் தள்ளினாள். அவரே ஒரு துணியை எடுத்து வெளிச்சத்தில் விரித்தார்.

"இது எத்தன நாளா வருது?"

"எட்டு நாளாச்சு சார். சொல்ல வெக்கமா இருந்துச்சு."

"வயித்துல இருக்கது குட்டியில்லம்மா, சீழ். கர்ப்பப்பையில கோத்திருக்கு. எடுத்தாத்தான் பொழைக்கும். இனி குட்டி போடாது."

சந்தனமேரி புருஷனைப் பார்க்கப் பயந்தாள். அவன் அவள் திரும்புவதற்குள் சொல்லிவிட்டான். "எடுத்திருங்க சார்."

உள்ளே கொண்டுபோனார்கள். ஜேசுதாசன் மரத்தடியில் உட்கார்ந்து செருப்பால் மண்ணைக் கிளறினான். அவளுக்கு ஜெபம்கூட ஓடவில்லை; 'இல்ல சார்' என்ற அந்த ஒரு சொல்தான் நெஞ்சை அறுத்தது.

டாக்டர் வியர்வையோடு வெளியே வந்தார். "தப்பிச்சிருச்சும்மா. இன்னும் ஒரு நாள் போயிருந்தா கஷ்டம். தையல் பிரிக்கிறவரைக்கும் தண்ணி படக் கூடாது."

சந்தனமேரி அங்கேயே உட்கார்ந்து ஓவென்று அழுதாள். இத்தனை நாள் வெட்கப்பட்டவள் அப்போது யாரையும் பார்க்கவில்லை.

"ஏட்டி, அதான் பொழைச்சிருச்சுல்லா" என்ற ஜேசுதாசனின் குரலும் சரியாக இல்லை.

பத்து நாள் கழித்துத் தையல் பிரிக்கப் போனார்கள். கொல்லை மண்ணெல்லாம் லில்லி மேல்தான் இருந்தது. அந்தக் கோலத்தோடு பஜார் வழியே அதை நடத்திக்கொண்டு போனாள் சந்தனமேரி. ஆஸ்பத்திரியில் அன்றும் வரிசை நீளம்.

"இப்பக் கசிவு ஏதும் இருக்காம்மா?"

"ஒண்ணும் இல்ல சார்" என்றாள், வரிசையின் கடைசி ஆளுக்கும் கேட்கும்படி. "நீங்களே பாருங்க. துடைக்காமத்தான் கூட்டியாந்திருக்கேன்."