டீத்தூள் காடு

"சோறு போட்டு வளர்த்தோம்" என்ற ஒரே பேச்சால் ஏழு வருஷமாக அவன் வாயைக் கட்டிப்போட்டிருந்தார் மச்சான். கீழே மச்சானின் டைல்ஸ் கிடங்கு, மேலே அக்காவும் மச்சானும் இருக்கும் வீடு. விடிந்தால் இறங்கிச் சுமக்க வேண்டும், வேலை முடிந்தால் ஏறிப் படுக்க வேண்டும். வெளியே வேலை தேடட்டுமா என்று கேட்டால் போச்சு. "ஏன், இங்க என்ன குறைச்சல்?" என்பார். குறைச்சலை எங்கிருந்து ஆரம்பிப்பது?

அவனுக்கு மூச்சுவிட இருந்த ஒரே இடம், விரல் உயரப் பொம்மை வீரர்கள். மேஜையில் படை திரட்டிப் பகடை உருட்டி விளையாடுவார்களே, அந்த வீரர்கள்தான். அவர்களுக்கு வண்ணம் பூசுவான், காலடியில் மண்ணும் பாறையும் செய்து ஒட்டுவான். அதைப் பார்த்துவிட்டு, அந்தப் பொம்மைகளை விற்கும் விளையாட்டுக் கடை அண்ணன் போன மாதம் சொன்னார்: "காட்டுல நிக்கிற மாதிரி இருபது செஞ்சு கொண்டா. அடுத்த மாசம் முதல் சனிக்கிழமை, காலைல பத்து மணி. பிடிச்சிருந்தா வேலை உனக்கு. மாடியில ரூம் இருக்கு, தங்கிக்க. தள்ளிப்போட்டின்னா வேற ஆளைப் பாத்துக்குவேன்."

ரூம்! அவனுக்குத் தலைகால் புரியவில்லை.

காட்டுக்குப் புதுச் சாமான் வாங்க அவன் என்ன ஜமீன்தாரா? சாப்பாட்டு நேரத்தில் பழைய சாமான் கடைக்கு ஓடினான். ஏதோ ஆபீஸில் கழித்துப் போட்ட தக்கை நோட்டீஸ் பலகை கிடந்தது. பிய்த்து அடுக்கினால் பாறை. விரிசல் விட்ட மீன் தொட்டிக்குள் ஒரு பை பொடிக்கல். முடி கொட்டிய பெயின்ட் பிரஷை நறுக்கி ஒட்டினால் காய்ந்த புல்.

"இதை வச்சு என்ன தம்பி பண்ணுவ?" என்றார் கடைக்காரர்.

"காடு."

அவர் இவனை மேலும் கீழும் பார்த்தார். பேரம் பேசாமலே கொடுத்துவிட்டார்.

உதிர்ந்த இலைகள்தான் பாக்கி. அதற்கு டீ வடிகட்டிய சக்கையை மிஞ்ச ஒன்றும் கிடையாது.

"அக்கா, வெயில்ல காயவச்சு, அப்புறம் வாணலியில வறுத்துக் குடு. துளி ஈரம் இருந்தாலும் பூசணம் பிடிச்சிரும்."

"தெரியும்டா. நூறு தடவை சொல்லிட்ட."

செவ்வாய்க்கிழமை டப்பாவில் போட்டுக் கொடுத்தாள். கை முழுக்கப் பசையாக இருந்ததால் அவன் தொட்டுப் பார்க்கவில்லை. அக்கா சொன்னால் சொன்னதுதானே! அப்படியே வீரர்களின் காலடியில் கொட்டி அமுக்கி, மேலே பசையைப் பூசினான். மச்சான் கண்ணில் படாமலிருக்க, மூடி போட்ட பெட்டியில் அடைத்துக் கட்டிலுக்கடியில் தள்ளினான்.

சனிக்கிழமை எட்டு மணிக்கு மூடியைத் திறந்தான். குப்பென்று புளித்த நாற்றம். இருபது வீரர்களும் முழங்கால்வரை வெள்ளைப் பூசணத்தில் நின்றார்கள்.

அக்கா வாசலில் நின்றிருந்தாள்.

"வறுத்தியா, இல்லியா?"

"வெயில்ல வச்சேன். வறுக்கல."

"மறந்துட்டியா?" மறந்துவிட்டேன் என்று சொல்லிவிட மாட்டாளா என்றிருந்தது அவனுக்கு.

"மறக்கல." அப்படியே தரையில் உட்கார்ந்தாள். "வாணலிய அடுப்புல வச்சேன்டா. வச்சிட்டு அணைச்சிட்டேன். நீயும் போயிட்டா இந்த வீட்ல நான் யார்கிட்ட பேசுவேன்? உன் மச்சான்கிட்டயா?"

 அவனுக்குப் பெட்டியைச் சுவரில் அடித்து நொறுக்கலாம் போலிருந்தது. ஆனால் இந்த ஒரு மாதத்தில் அந்த ரூமில் கட்டில் எங்கே, மேஜை எங்கே என்று தினமும் கணக்குப் போட்டிருக்கிறான். அக்கா என்ன செய்வாள் என்று, பாவி, ஒரு தடவைகூட நினைத்ததில்லை.

"எங்கடா தொலைஞ்ச? லாரி வந்து நிக்குது!" மச்சான் கீழேயிருந்து கத்தினார்.

அக்கா முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். "போன் போட்டு ஒரு வாரம் டைம் கேளுடா. கருகக் கருக வறுத்துத் தர்றேன், சத்தியமா."

கடை அண்ணன் தர மாட்டார். அது அவளுக்கும் தெரியும்.

"சரிக்கா, கேக்கறேன்" என்றான். போனை எடுக்காமலே, லாரியில் வந்ததை இறக்கப் படியிறங்கினான்.