ஒட்டகம் என்று பேர் வாங்கியவள்

ஏழு மாதத்தில் மூன்றாவது முறையாக மகளுக்குச் சிறுநீர்த் தொற்று. கண்டக்டரம்மாவுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அடுத்த மாதம் பொதுத்தேர்வு. மாதிரித் தேர்வின்போதே பெண் காய்ச்சலில் சுருண்டு கிடந்தாள். இதுவும் போனால் ஒரு வருஷம் போச்சு.

டாக்டர் மருந்து எழுதிக் கொடுத்து, பக்கத்து அறையிலிருந்த நர்ஸிடம் அனுப்பினார். நர்ஸ் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுக் கேட்டாள்.

"பாத்ரூமுக்கு எப்பெப்போ போவே, சொல்லு பாப்பா."

"காலையில ஒண்ணு. ஸ்கூல் விட்டு வந்ததும் ஒண்ணு."

"நடுவுல?"

"அடக்கிக்குவேன். தண்ணி குடிச்சாத்தானே வரும்?"

"ஸ்கூல்ல பாத்ரூம் மோசமா?"

"சுத்தமாத்தான் இருக்கு. எங்கம்மா எட்டு மணி நேரம் பஸ்ல நிக்கிறாங்க, ஒரு தடவைகூட இறங்க மாட்டாங்க. என்னால முடியாதா?"

கண்டக்டரம்மாவுக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. பதினாறு வருஷ சர்வீஸில் அவள் மார்தட்டிக்கொண்ட சங்கதி அது. டிப்போவில் அவளுக்கு ஒட்டகம் என்றே பேர். அந்தப் பெருமையை வீட்டிலும் வாய் ஓயாமல் அளந்திருந்தாள்.

நர்ஸ் சிரிக்கவில்லை, கடிந்துகொள்ளவுமில்லை.

"அடக்க அடக்கக் கிருமிக்குக் கொண்டாட்டம். தண்ணி பாட்டில் கையோட வெச்சுக்கிட்டு நல்லா குடிக்கணும். ரெண்டு மூணு மணி நேரத்துக்கு ஒரு தரம் போகணும், அவசரப்படாம முழுசா போகணும். துடைக்கிறப்ப முன்னாலேருந்து பின்னால. மலச்சிக்கல் இருந்தா சொல்லு. நல்லாயிடுச்சுன்னு மாத்திரையை நடுவுல நிறுத்திடாதே." பிறகு அம்மா பக்கம் திரும்பி, "நீங்களும்தான். உங்களைப் பாத்துத்தானே செய்றா" என்றாள்.

மறுநாள் கடைசி நிறுத்தத்தில் கண்டக்டரம்மா, "அண்ணே, அஞ்சு நிமிஷம்" என்று இறங்கினாள்.

"என்ன, ஒட்டகத்துக்கு உடம்பு சரியில்லையா?" என்றார் டிரைவர்.

"ஒட்டகம் வேலையை விட்டுடுச்சு. நீங்க ஹாரன் அடிக்காம இருங்க."

அன்றிலிருந்து சாயங்காலமானால் அம்மாவும் மகளும் தண்ணீர் பாட்டில்களை மேஜைமேல் வைத்து, யார் எவ்வளவு குடித்திருக்கிறார்கள் என்று பார்த்துக்கொண்டார்கள். ஒருநாள் மகள், "உன்னோடதுல பாதி அப்படியே இருக்கு. ஏமாத்துறியா?" என்றாள். அம்மா அங்கேயே நின்று குடித்து முடித்தாள்.

கடைசித் தேர்வு முடிந்ததும் மகள் போன் செய்தாள்.

"நடுவுல பாத்ரூம் போயிட்டு வந்தேம்மா. கையைத் தூக்கினதும் மொத்தக் கூட்டமும் திரும்பிப் பாத்துச்சு. பாத்தா பாக்கட்டும்னு போனேன்."

"எழுதி முடிச்சியா?"

"முடிச்சு, ஒரு தடவை படிச்சும் பாத்துட்டேன்."

ஷிப்ட் முடிந்ததும் யூனிபாரத்தோடேயே கண்டக்டரம்மா ஆஸ்பத்திரிக்குப் போனாள். நர்ஸின் அறை வாசலில் நின்றபடியே சொன்னாள்.

"காய்ச்சல் வரலைங்க. எல்லாப் பரீட்சையும் எழுதிட்டா. உங்களுக்கு எப்படி நன்றி சொல்றதுன்னே தெரியலை."

"நான் என்னங்க செஞ்சேன்? கேள்விதானே கேட்டேன்."

"பெத்தவ நான், அதைக்கூடக் கேக்கலையே" என்றாள் கண்டக்டரம்மா.

நர்ஸ் அவள் கையைப் பிடித்து நாற்காலியில் உட்காரவைத்தாள்.