ஏரிக்கரை விளக்குக்கு ஒரு பேரம்

ஏரிக்கரை நடைபாதைக்கு வரிசையாக விளக்குக் கம்பம் நட்டு, ரிப்பன் வெட்டி, லட்டும் கொடுத்தார்கள். மாலை ஆறு முதல் பத்து வரை எரியும் என்று பலகையும் வைத்தார்கள். சொன்ன சொல் தவறாமல் நின்றது பலகை மட்டும்தான். விளக்கு ராத்திரி பத்துக்குக் கண் திறந்து, நாய்களுக்கு வழி காட்டிவிட்டு, இரண்டு மணிக்குப் படுத்துக்கொண்டது.

பூங்கொடிக்கு ஏழு மணிக்கு வெளிச்சம் வேண்டும். கம்பெனி பஸ் அவளைப் படாளத்தில் இறக்கிவிடுவது அப்போதுதான். போலீஸ் வேலைக்கு எழுத்துத் தேர்வு தேறிவிட்டாள், பாக்கி ஓட்டம். போன தடவை அதில்தான் கோட்டை விட்டாள். இந்த வருஷத்தோடு வயசு வரம்பும் முடிகிறது. ரோட்டில் ஓடினால் லாரி. மைதானத்துக்குப் பொழுது சாயும்போதே பூட்டு. செல்போன் டார்ச்சை நம்பிக் கரையில் ஓடியதில் பெயர்ந்த கல் இடறி முட்டி கிழிந்தது.

புகார் எழுதிக் கொடுத்தாள்: விளக்கு நாலு மணி நேரம் லேட்.

"வெளக்கு சுவிட்சுப் பெட்டி சாவி காண்ட்ராக்டர் கிட்ட கீது" என்றார்கள் பஞ்சாயத்து ஆபீசில்.

"காண்ட்ராக்டர் எங்க?"

"அவரைத்தான் நாங்களும் தேடிகினு கீறோம்."

ஒரு கல்லுக்குத் தாங்காத பூட்டு. ஆனால் உடைத்தால் கேஸ். கேஸ் விழுந்தவளுக்கு யார் காக்கிச் சட்டை கொடுப்பார்கள்?

காய்கறிச் சந்தையில் அம்மாவின் தராசுக்குப் பக்கத்தில் வளர்ந்தவள் அவள்; எடை எங்கே இடிக்கிறது என்று பார்க்காமல் விடமாட்டாள். கரண்டு எவ்வளவு நேரம் போகிறதோ, அவ்வளவு நேரம் தள்ளித்தான் விளக்கு எரிகிறது. பெட்டிக்குள் இருக்கும் டைமர் கரண்டோடு நின்று, கரண்டு வந்ததும் விட்ட இடத்திலிருந்து ஓடுகிறது. நேரே போய் லைன்மேன் தாவீதை டீக்கடையில் மடக்கினாள்.

"அண்ணே, ஏரிக்கரை லைன் பீஸ் கட்டையைப் புடுங்கணும்."

தாவீது கிளாசைக் கீழே வைத்தார். "கரண்டு குடுன்னு சண்டைக்கு வருவாங்க. புடுங்குன்னு வந்த மொத ஆளு நீதாம்மா."

"ராத்திரி வெளக்கு எரிய ஆரம்பிச்சதும் புடுங்குண்ணே. டைமர் அங்கியே நின்னுடும். மறுநாள் ஏழு மணிக்கு மாட்டு. விட்ட எடத்துலேர்ந்து எரியும்."

யோசித்தார். "எனக்கு இன்னா லாபம்?"

"இன்னா வேணும்?"

"நீ போலீஸானா என்னை ஹெல்மெட்டுக்குப் புடிக்கக் கூடாது. ஆயுசுக்கும்."

"ஒரு தடவை."

"அஞ்சி."

"இன்னும் சட்டையே தைக்கல, அதுல எத்தினி பாக்கெட் கேப்பே? ரெண்டு."

ரெண்டில் முடிந்தது.

மறுநாள் ஏழு மணிக்குக் கரை முழுக்க வெளிச்சம், பதினொன்று வரை. ஓடினாள். தினமும் ஓடினாள். நேரம் குறைந்துகொண்டே வந்தது; தேற இன்னும் சில நொடிகள்தான் குறைய வேண்டும்.

ஓட்டத் தேர்வுக்கு நாலு நாள் இருக்கையில், பஸ்ஸை விட்டிறங்கிக் கரை ஏறினாள். கடைசிப் படியில் கால் வைக்கும்போது மொத்த விளக்கும் அணைந்தது. கையில் போன் சிணுங்கியது: 'தங்கள் புகார் தீர்க்கப்பட்டது.'

தாவீது பைக்கில் வந்து இறங்கினார், தலையில் வழக்கம்போல் ஒன்றுமில்லாமல். "இப்பதாம்மா கேள்விப்பட்டேன். மத்தியானம் ஆபீஸ்லேர்ந்து ஒர்த்தன் வந்து, பூட்டை ஒடைச்சி, டைமரை நாலு மணி நேரம் முன்னாடி தள்ளி, புதுப் பூட்டு மாட்டிட்டுப் போய்க்கிறான். மூணு மணி வெயில்லயே எரிய ஆரம்பிச்சிதாம். நாலு மணி நேரம் முடிஞ்சி இப்ப அணைஞ்சிடுச்சி."

"சரியா ஓடுன டைமரையா?"

"அவன் உன் பேப்பரைப் பாத்தான். வெளக்கைப் பாக்கல."

"நாளைக்கு எரியும்போது புடுங்குண்ணே."

"நாளைக்கு நான் இல்லியே. புயல் வேலைன்னு மாமல்லபுரம் பக்கம் போட்டுட்டாங்க. காலைல ஜீப்பு வருது. வேற யாரும் இதைத் தொடமாட்டான்."

பூங்கொடி குனிந்து ஒரு கருங்கல்லை எடுத்தாள். பெட்டியைப் பார்த்தாள்.

"கீழ போடும்மா."

போடவில்லை. "உன் வண்டிய வுட்டுட்டுப் போ" என்றாள்.

"கரை மேல வண்டி ஏறாது. வாசல்ல இரும்புக் கம்பி நட்டுக்கீறான்."

"வாசல்லயே நிக்கட்டும். லைட்டு எட்டுற வரைக்கும் ஓடித் திரும்பறேன். அம்மா ஆக்சிலேட்டரைப் புடிச்சிக்கும்."

கேட்டுவிட்டாளே என்று ஒரு விலையை எறிந்தார் தாவீது, மூன்றுக்கு இறங்கத் தயாராக. "அப்ப ஹெல்மெட்டு ஆயுசுக்கும்."

"சரி" என்றாள்.

தாவீது அடுத்த வார்த்தைக்குக் காத்திருந்தார். வரவில்லை. கத்தரிக்காய்க்குக்கூடக் கேட்ட விலை கொடுக்காதவள், கல்லைக் கீழே போட்டுவிட்டுச் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தாள். அவர் வண்டியைக் கம்பிக்கு நேரே நிறுத்தி ஸ்டார்ட் செய்தார். வெளிச்சம் மூன்றாவது கம்பம் வரை போய் அங்கேயே கரைந்தது.

ஓடினாள். மூன்றாவது கம்பத்தைத் தொட்டுத் திரும்பினாள். மறுபடி ஓடினாள். முறுக்கியதைத் தளர்த்தினால் லைட்டு மங்குகிறது என்று தாவீது கையை எடுக்கவே இல்லை.